தகர செட்டுக்கு ஒயரிங், எர்த், ஆர்.சி.சி.பி: ஐப்பசி மழை தாண்டிய பிறகு எழுதுவது

வேலை முடிந்து நாலு மாதம் ஆகிறது. எலக்ட்ரிஷியன் கிளம்பிப் போகிற அன்றைக்கு எல்லார் வீட்டிலும் எல்லா லைட்டும் எரியத்தான் செய்யும், மழை வந்தால்தான் லட்சணம் தெரியும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

ஊர் பல்லடம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நாற்பது மீட்டர் தள்ளி ஒரு தகர செட்டு. உள்ளே மாட்டுத் தீவனம் நறுக்கும் 2 எச்.பி. தட்டுவெட்டி, ஒரு டியூப் லைட், மருந்தடிக்கும் மிஷினுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக். ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொருவர் ஒயரிங் செய்தது. ஆடியில் ஒருநாள் தூறல் விட்டதும் அம்மா துணி காயப்போடப் போனார். செட்டின் இரும்புக் கம்பத்திலிருந்து வேப்பமரத்துக்குக் கட்டியிருந்த கொடிக்கம்பியில் கை வைத்துவிட்டு, "கம்பி என்னமோ கிள்ளுது கண்ணு" என்றார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கிள்ளியதோடு போயிற்று. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மழைக்காலத்தில் கொடிக்கம்பியில் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள் செய்தியை வருடா வருடம் படிக்கிறோம், நம் வீட்டுக் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மறுநாள் வந்த எலக்ட்ரிஷியன் தம்பியின் வேலையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அவரைக் கேட்காமல் பெயர் போடவில்லை. வந்ததும் செட்டுக்குள் போகாமல் நேராக எர்த் குழிக்குப் போனார், அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பச்சை ஒயரை லேசாகத்தான் இழுத்தார், புல் மாதிரி கையோடு வந்துவிட்டது. குழியில் போட்ட உப்பே காலப்போக்கில் ஜி.ஐ. பைப்பையும் போல்ட்டையும் தின்றுவிடும் என்றார். "பேருக்குத்தாங்க எர்த்து, ஒண்ணுமே சேரலீங்க." பிறகு பைப்பைச் சுரண்டி கிளாம்ப் போட்டு, கொஞ்சம் தள்ளி இரண்டு கம்பியை மண்ணில் அடித்து எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எர்த்தின் தடை 38 ஓம், இது குறையக் குறைய நல்லது.

இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடித்து, "பிரகாசமா எரியுது, எர்த் அருமை" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். அந்தப் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, 38 ஓம் மண்ணில் அது இழப்பது பதினாறு வோல்ட்தான், நன்றாகவே எரியும். எர்த் ஒயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பல்பு போதும், எர்த் போதுமானதா என்பது அதில் தெரியாது.

அடுத்து அவர் சொன்ன கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 230 வோல்ட்டை 38ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். அதாவது பேஸ் ஒயர் தகரத்தில் பட்டு, எர்த்தும் சேர்ந்தே இருந்தாலும் மண்ணுக்குள் போவது 6 ஆம்பியர்தான். நம் டி.பி. பாக்ஸில் (மெயின் சுவிட்ச் பெட்டியில்) இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தானாக விழும் சுவிட்ச், அதற்கு இது தட்டுவெட்டி ஓடுகிற மாதிரிதான் தெரியும், பேசாமல் இருக்கும், செட்டுத் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறியபடியே இருக்கும். மோட்டாருக்குப் போடும் சி வகை எம்.சி.பி. சட்டென்று விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 ஆம்பியருக்குக் குறையாமல் பாய வேண்டும். அதற்கு எர்த் 3 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். நாலடி தோண்டினால் ஓடக்கல் பாறை வருகிற எங்கள் காட்டில் அது நடக்காத காரியம்.

அதனால்தான் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் சுவிட்ச், வேண்டியிருக்கிறது. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் எங்காவது வழி தவறிப் போனால் 0.3 நொடிக்குள் இணைப்பை வெட்ட வேண்டும், கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக. 6 ஆம்பியர் கசிவு என்பது அதற்கு இருநூறு மடங்கு. எர்த் சுமாராக இருந்தாலும் இது காப்பாற்றும் என்பது இதனால்தான். ஆனால் எர்த்தே இல்லாவிட்டால் தகரத்தில் ஏறிய கரண்ட் யாராவது தொடும்வரை காத்திருக்கும், தொட்ட பிறகுதான் டிரிப் ஆகும். ஆக இரண்டும் வேண்டும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கொடுப்பார்கள், அவை தீ விபத்துக்கு, ஆளைக் காப்பாற்ற 30தான், வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஓவர்லோடுக்கு இது விழாது, கூடவே எம்.சி.பி. இருக்க வேண்டும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தவரையும் இது காப்பாற்றாது.

பழைய கோளாறு எங்கே என்று கேட்டால், ஒன்றரை எம்.எம். ஒயர் தகரத்தின் ஓட்டை வழியாக எந்த மறைப்பும் இல்லாமல் நுழைந்திருந்தது, காற்றில் ஆடி ஆடித் தோல் உரிந்து செம்பு தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது வீட்டிலிருந்து செட்டு வரை 4 எம்.எம். ஆர்மர்டு (இரும்புக் கவசம் சுற்றிய) கேபிள், இரண்டரை அடி ஆழத்தில், மேலே மணலும் செங்கல்லும். முன்பெல்லாம் தட்டுவெட்டி கிளம்பும்போது முக்கி முனகும், லைட் மங்கும், இப்போது அது இல்லை. பாறைக்கு மேலேயே மறுபடி குழி வெட்டாமல், மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கிற தென்னம்பாத்தி ஓரமாகச் செம்பு பூசிய கம்பிகள் இரண்டைப் பத்தடி இடைவெளியில் இறக்கி இணைத்தார், 9 ஓம் வந்தது. தகரத்தையும் கம்பங்களையும் சேர்த்து எர்த்தில் கட்டியாயிற்று. தட்டுவெட்டியின் பிளக்கில் எர்த் பின்னை நான் எப்போதோ உடைத்து இரண்டு பின்னாக்கி வைத்திருந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பின் நீளமாக இருப்பதே எர்த் முதலில் சேரத்தான்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் வேலை என்றவர் ஒன்பது நாள் இழுத்தார், போன் எடுப்பதே அபூர்வம். ஐப்பசி மழையில் ஆர்.சி.சி.பி. இரண்டு நாள் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் ஆர்.சி.சி.பி. மேல் சந்தேகப்பட்டேன். பார்த்தால் வெளிச் சுவர் பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டையை மேல்பக்கம் வைத்து, கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்டும் போடாமல் விட்டிருக்கிறார், தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. அதாவது ஆர்.சி.சி.பி. சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது! வந்து ஓட்டையை அடிப்பக்கம் மாற்றிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் "தொந்தரவு பண்ணுது" என்று அதைத் தாண்டி நேர் கனெக்ஷன் கொடுக்கச் சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குகிறேன். பட்டனை அமுக்கி விழுந்தால் ஆர்.சி.சி.பி. நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எர்த் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்குக் கோடையில் மண் காய்ந்திருக்கும்போது டெஸ்டரோடு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார், வருகிறாரா பார்ப்போம்.

எல்லாம் சேர்த்து எனக்கு 19,500 ரூபாய் ஆயிற்று, அதில் கேபிளுக்கே பெரும்பங்கு. வேலைக்கு ஐந்தில் நாலு, நேரத்துக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம்.

கொடிக்கம்பியை அன்றைக்கே அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டினேன். துணி வழுக்கி ஒரே பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்று அம்மா இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார்.