போல் பைத்தனா, கார்ப்பெட்டா, பர்மியமா? எந்த மலைப்பாம்பு என்று மருமகனுக்குச் சொன்ன கணக்கு

கார்த்திகை மழை தொடங்கிய கிழமை. இரவு ஒரு மணி இருக்கும், கோழிக்கூட்டுப் பக்கம் ஒரே கலவரம். டோர்ச் அடித்துப் பார்த்தால் கூட்டுக்குள் ஒரு வெங்கிணாந்தி, எங்கள் ஊர் மலைப்பாம்பு. ஒரு பேட்டுக்கோழியை முழுசாக விழுங்கிவிட்டு, வந்த ஓட்டையால் திரும்பிப் போகப் பார்க்கிறது. தலையும் கழுத்தும் வெளியே. கோழி கிடந்த வயிறு கம்பிவலைக்கு உள்ளே. முன்னுக்கும் போகமுடியாது, பின்னுக்கும் போகமுடியாது.

விடிய வனஜீவராசிகள் திணைக்களத்து ஆட்கள் வந்தார்கள். வலையை வெட்டி எடுக்கும்போது வால் பக்கத்தை நான் பிடித்தேன். கையில் சுற்றிக்கொண்டது. கிணற்றுக் கயிறு நிறைவாளியோடு இறுகுமே, அப்படி ஒரு இறுக்கம். கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் விறைத்துப்போயின. வந்தவர்களில் ஒருவர், “தலைப்பக்கம் இழுக்காதேங்கோ அண்ணை, வாலில இருந்து கழட்டுங்கோ” என்றார். அப்படித்தான் கழன்றது. வேலிக் கதியால்களோடு வைத்துப் பார்த்த அளவில் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சாக்கில் போட்டு இரணைமடுப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அதே கிழமைதான் ரொறன்ரோவில் இருக்கிற அக்காவின் மகன் வீடியோவில் வந்தான். “மாமா, எங்கட வெங்கிணாந்தி மாதிரியே ஒரு குட்டி. வாங்கப் போறன், பாருங்கோ.” அவன் அனுப்பிய படத்தில், ஒரு முழ நீளத்தில், மஞ்சளும் வெள்ளையுமாய் ஒரு பர்மிய மலைப்பாம்புக் குட்டி யாரோ ஒருவரின் உள்ளங்கையில் கிடந்தது. அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால் என் மணிக்கட்டில் அந்த இறுக்கம் அப்போதும் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு மாதம் அவனும் நானும் பேசிப் பேசி எடுத்த கணக்கு இது. பிள்ளைகள் பாம்பு கேட்கிற வீடுகள் வெளிநாட்டில் இப்போது நிறைய. அவர்களுக்கும் உதவட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இங்கே இலங்கையில் வளர்ப்பதற்கான கணக்கு அல்ல. எங்கள் வெங்கிணாந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். வளவுக்குள் வந்தால் திணைக்களத்துக்கு அறிவிப்பது, காட்டுக்குத் திரும்ப அனுப்புவது, அவ்வளவுதான். எலியைத் தின்று வயலுக்கு நன்மை செய்கிற பிராணி அது.

அவன் ஆசைப்பட்ட பர்மியத்தை எடுப்போம். வெங்கிணாந்திக்கு நெருங்கிய சொந்தம். 2009 வரை இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு கிளைகள் என்றுதான் வைத்திருந்தார்கள். பொரிக்கும்போது ஒன்றரை இரண்டு அடி. நன்றாகத் தீனி கிடைத்தால் இரண்டு வருடத்தில் எட்டு, ஒன்பது அடியைத் தொட்டுவிடும். முழு வளர்ச்சியில் பெண் 12 முதல் 16 அடி, சில அதற்கும் மேல். புளோரிடாவில் 2023 இல் பிடிபட்ட ஒன்று 19 அடி. புளோரிடாவுக்கு அது எப்படி வந்தது? வீடுகளில் வளர்த்ததுதான். தப்பியதும், சமாளிக்கமுடியாமல் விட்டதும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கே ரக்கூன் முதலான சிறு விலங்குகளைக் கண்ணில் காண்பதே அரிதாகிவிட்டது. 2012 இல் அமெரிக்கா அதன் இறக்குமதியையே நிறுத்தியது.

வளர்ந்த பர்மியத்துக்கு எட்டடி நீளம் நாலடி அகலம் கொண்ட கூடு போதாத கூடு. ஒரு அறையையே கொடுக்கவேண்டும். சாப்பாடு முயல். இன்னொன்று, பத்தடிப் பாம்பை ஒருத்தர் தனியாகத் தூக்கக்கூடாது. எங்கள் கூட்டிலிருந்து எடுக்க மூன்று பேர் நின்றோம். மருமகன் இருப்பது நிலக்கீழ் அறையில், தனியாக. கனடாவிலேயே நியூ பிரன்சுவிக்கில் 2013 இல், கூட்டிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றினால் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அதை அவனுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பர்மியம் கெட்ட பாம்பு என்று நான் சொல்லவில்லை. சாதுவானது என்றுதான் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சாதுவான மாடும் காலில் மிதித்தால் மிதித்ததுதான்.

அதைவிடப் பெரிய வலைப்பின்னல் மலைப்பாம்பு 20 அடியையும் தாண்டும். அதைப்பற்றி இங்கே பேச வேண்டியதே இல்லை.

இப்போது போல் பைத்தன் (போல் என்றால் ஆங்கிலத்தில் பந்து, பைத்தன் என்றால் மலைப்பாம்பு). மேற்கு ஆப்பிரிக்காப் பாம்பு, கானா, டோகோ, பெனின் பக்கம். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும், பெயர் அதனால்தான். பெண் மூன்றரை முதல் ஐந்து அடி, ஆண் அதைவிடக் குறைவு. நிறை ஒன்றரை, இரண்டு கிலோ அளவில். ஒருத்தர் தனியாகக் கையாளலாம். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட கூடு கொடுத்தால் நல்லது.

இதன் குணத்தைப் புரிந்துகொள்ள எங்கள் ஆட்களுக்குச் சுலபம், ஏனென்றால் இது புற்றுப் பாம்பு. பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடந்து, இருட்டியபின் வெளியே வருகிற ஜாதி. பெரிய கண்ணாடிப் பெட்டியில் மறைப்பில்லாமல் போட்டால் அதற்கு அது நடுத்தெரு. தின்னாது. அதனால் உடம்பை இறுக்கமாகத் தொடுகிற அளவில் இரண்டு மறைவிடங்கள், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. சூட்டுப் பக்கம் 31, 32 பாகை, மற்றப் பக்கம் 26 பாகை. ஈரப்பதன் 60 சதவீதம் அளவில்.

இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு மனசில் வந்தது எங்கள் வளவுதான். இங்கே நிழலில் சும்மா கிடைக்கிற சூட்டையும் மழைக்காலத்து ஈரத்தையும் அவன் பனிக்கு நடுவே கரண்டில் உண்டாக்கவேண்டும். அங்கே வீட்டுக்குச் சூடு போட்டால் காற்று காய்ந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் உதடு வெடிக்குமே, அதுபோலத்தான் பாம்புக்கும். சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டுதுண்டாய்ப் பிய்ந்து வரும்; கண்மேல் இருக்கிற படலமும் ஒட்டி நின்றுவிடும். ஈரப் பாசி வைத்த ஒரு பெட்டியை உள்ளே வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். சூட்டு விளக்குக்கு, சூட்டை அளவாக வைத்திருக்கிற தேர்மோஸ்டாட் கட்டாயம். விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு அதில் போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துவிடும்.

போல் பைத்தனின் குறை, சாப்பாட்டில் பிடிவாதம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் எலியைத் திரும்பியே பார்க்காது. நிறை குறையாமல் இருந்தால் பயமில்லை. அப்புறம், நிறக்கலப்புக்காக இனம் சேர்த்துச் சேர்த்து விற்கிறார்கள். அதில் ‘ஸ்பைடர்’ என்கிற வகைக்குத் தலை ஆடுகிற நரம்புக் கோளாறு பிறவியிலேயே வரும். அந்த வகையை வாங்கவேண்டாம், அழகுக்காக ஒரு உயிர் தலைகீழாய்த் தவிக்கத் தேவையில்லை.

கார்ப்பெட் பைத்தன் இதற்கு நேர் எதிர். அவுஸ்திரேலியா, நியூகினிப் பாம்பு. ஐந்து முதல் எட்டு அடி, ஆனால் மெலிந்த உடம்பு. மருமகனின் நண்பன் ஒருவன் வளர்க்கிறான், வீடியோவில் காட்டினான். கூட்டின் மேல்கொப்பில் வாலைக் கொளுவிக்கொண்டு தலையைக் கீழே விட்டு ஆடாமல் நின்றது. மூஞ்சிப் பக்கத்துக் குழிகளால் அவனுடைய கைச்சூட்டை அறிந்து, கை போகிற பக்கமெல்லாம் தலையும் போனது. பார்க்க இதைப்போல ஒரு பாம்பு இல்லை. நிலத்தில் மறைந்து கிடக்கிற போல் பைத்தனை நாள் முழுக்கப் பார்த்தாலும் ஒரு கல்தான் தெரியும்.

கூடு உயரமாக வேண்டும், தடித்த கொப்புகள் வேண்டும். ஈரப்பதன் கொஞ்சம் முன்பின் போனாலும் பொறுக்கும். தீனியை மறுப்பதும் குறைவு. ஆனால் குட்டியில் கொத்தும். வளர்ந்தபின்னும் கூட்டைத் திறந்ததும் சாப்பாடு வந்துவிட்டது என்று பாய்கிற பழக்கம் சிலதுக்கு உண்டு. நண்பன் ஒரு வளைந்த கம்பியால் உடம்பை மெல்லத் தொட்டுவிட்டுத்தான் கை வைக்கிறான். தொட்டால் அதற்குத் தெரியும், இது தீனி இல்லையென்று. நிதானமான ஆளுக்குப் பொருத்தம். கை நடுங்குகிறவனுக்குச் சரிவராது.

எதை எடுத்தாலும் பொதுவானவை சில. உயிர் எலி போடக்கூடாது, எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கும். உறையவைத்ததை இளக்கி, பாம்பின் உடற்பருமன் அளவில் கொடுப்பது போதும். தின்றபின் இரண்டு நாள் தொடக்கூடாது. பாம்பைத் தொட்டால் கை கழுவவேண்டும், சால்மொனெல்லா கிருமி தொற்றும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. நகரத்துக்கு நகரம் சட்டமும் மாறும், வாங்கமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆயுளையும் சொல்லவேண்டும். போல் பைத்தன் இருபது, முப்பது வருடம் இருக்கும். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைக் கடந்த ஒன்று 2020 இல், ஆண் துணையே இல்லாமல், முட்டையிட்டது. மருமகனுக்கு இப்போது 22. அவன் கலியாணம் கட்டி, வீடு மாறி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் அந்தப் பாம்பு அவன் பொறுப்பில்தான் இருக்கும். வரப்போகிற பெண்ணுக்கும் இதை முதலிலேயே சொல்லவேண்டும் என்று அக்கா நடுவில் வந்து சொன்னது நியாயமான பேச்சு.

என் தீர்ப்பு போல் பைத்தன், அதுவும் ஆண். அவன் இருக்கிற அறைக்கு, தனி ஆளுக்கு, முதல் பாம்புக்கு அதுதான் அளவு. கார்ப்பெட்டைப் பார்த்து என் மனம் போனது உண்மை. ஆனால் வளர்க்கப்போவது நான் இல்லை.

அவன் இன்னும் பாம்பு வாங்கவில்லை. கூட்டை மட்டும் வாங்கி, விளக்குப் போட்டு, மறைவிடம் இரண்டும் வைத்து, வெறுங்கூட்டை மூன்று கிழமையாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். காலையும் இரவும் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்புகிறான். நேற்று வெளியே பனி கொட்டிய இரவில் சூட்டுப் பக்கம் 32, குளிர்ப் பக்கம் 26, ஈரப்பதன் 48. “ஈரம் காணாது தம்பி” என்று எழுதினேன். பாசிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டான்.