18,500 ரூபாய் போச்சு: டிராயிங்கிலிருந்து சர்வே பாயிண்ட் எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் உஷார்

ஆட்டோகேட் டிராயிங்கில் இருக்கும் சர்வே பாயிண்ட்களை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை ஃபைல்) ஆக்கும் வேலையை ஆன்லைன் ஃப்ரீலான்ஸ் தளத்தில் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பாயிண்டுக்கு 8 ரூபாய், 2,316 பாயிண்ட், பேசி முடித்தது 18,500 ரூபாய். வந்தது கற்பனை லெவல் (புள்ளியின் உயரம்). எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்த அயோக்கியத்தனம்.

கரூருக்கு மேற்கே ஒரு பாசன வாய்க்கால். டிராயிங் மீட்டரில், யூடிஎம் என்ற வரைபடக் கட்ட முறையின் 43-வது மண்டலத்தில். முதல் சுற்றில் எடுத்த 1,904 பாயிண்ட்கள் வெறும் புள்ளியும் பக்கத்தில் லெவல் எழுதிய டெக்ஸ்டுமாக இருந்தன. இரண்டாம் சுற்றில் எடுத்த வாய்க்கால் அடிமட்டப் பாயிண்ட்கள் 412, இவை அட்ரிபியூட் (பெயரிட்ட தகவல்) உள்ள பிளாக் (ஒரே பொருளாகக் கட்டிய குறி). எண், லெவல், கோட் எல்லாம் பிளாக்குக்குள்ளேயே இருக்கும்.

வேலையை எடுத்த ஆள் பேசிய விதமே நம்ப வைத்தது. "பாயிண்ட் நம்பருக்கு அடுத்து நார்த்திங் வேணுமா, ஈஸ்டிங் வேணுமா சார்? உங்க டோட்டல் ஸ்டேஷன் எந்த வரிசையில எடுத்துக்கும்?" நார்த்திங் வடக்கு ஆயம், ஈஸ்டிங் கிழக்கு ஆயம், டோட்டல் ஸ்டேஷன் அளவைக் கருவி. இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்பவன் வேலை தெரிந்தவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாதிரிக்கு 20 பாயிண்ட் அனுப்பினான். புள்ளியின் ஆயத்தைக் காட்டும் ஐடி கமாண்ட் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால் மூன்று தசமம் வரை அச்சு அசல். இருபதுமே பிளாக் பாயிண்ட்கள் என்பதுதான் சூது. பிளாக்கின் செருகுபுள்ளி எப்போதும் சரியான இடத்தில்தான் இருக்கும், அதில் தப்பு செய்வதுதான் கஷ்டம்.

முழு ஃபைல் வந்தது. தளத்தில் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினால்தான் டவுன்லோட் திறக்கும், அழுத்தியதும் 18,500 ரூபாய் அவன் கணக்குக்குப் போய்விடும். என்ன ஏற்பாடோ!

ஸ்டேக் அவுட்டில் (ஆயத்தை வைத்துத் தரையில் இடம் குறிக்கும்போது) மதகு மூலை 85 செ.மீ. தள்ளி விழுந்தது. காரணம் தெளிவு. 1,904 பாயிண்டுக்கும் புள்ளியின் ஆயத்தை விட்டுவிட்டு, லெவல் டெக்ஸ்ட் தொடங்கும் இடத்தின் ஆயத்தை எடுத்திருக்கிறான். டெக்ஸ்ட் புள்ளியிலிருந்து 0.75 மீட்டர் வலப்பக்கம், 0.40 மீட்டர் மேலே. சேர்த்தால் 0.85. வாய்க்கால் வளைகிற இடத்தில் டெக்ஸ்டும் சாய்ந்திருப்பதால் நகர்ந்த திசையும் மாறுகிறது. மொத்தமாக ஒரு மூவ் போட்டுத் திருத்தவும் வழியில்லை.

இதைக்கூட அவசரத்தில் செய்தது என்று விட்டுவிடலாம். 412 அடிமட்டப் பாயிண்டில் செய்ததுதான் திருட்டு. பிளாக்குகளை எக்ஸ்ப்ளோட் செய்திருக்கிறான், அதாவது துண்டு துண்டாக உடைத்திருக்கிறான். எக்ஸ்ப்ளோட் செய்தால் அட்ரிபியூட்டின் மதிப்பு போய், அதன் டேக் பெயர் மட்டும் எழுத்தாக நிற்கும். மதிப்பு டெக்ஸ்டாக மிஞ்ச வேண்டுமானால் பர்ஸ்ட் என்ற கமாண்ட் போட வேண்டும். உண்மையில் இரண்டுமே தேவையில்லை. டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் கமாண்ட், பிளாக்கை உடைக்காமலே ஆயத்தையும் அட்ரிபியூட்டையும் ஒரே அட்டவணையில் கொடுத்துவிடும். இவன் திருப்பி அனுப்பிய 'கிளீன் டிராயிங்'கில் 412 இடத்திலும் 'லெவல்' என்ற வார்த்தைதான் நிற்கிறது, எண்ணைக் காணோம். சிஎஸ்வியில் மட்டும் எண் எங்கிருந்து வந்தது?

இரண்டு கரையின் லெவலைக் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறான். இடக்கரை 124.318, வலக்கரை 124.207, நடுவில் அடிமட்டம் 124.2625. மூல டிராயிங்கில் அதே பாயிண்ட் 122.846. டிராயிங் முழுக்க மூன்று தசமம், இவன் லெவலில் நான்காவது தசமம் 5. மூன்று தசமம் உள்ள இரண்டு எண்களின் சராசரியில்தான் இப்படி 5 முளைக்கும். கிராஸ் செக்‌ஷன் வரைந்தால் வாய்க்காலே இல்லை, கரையோடு கரையாக மட்டமான தரை. இதை வைத்து மண்வேலை அளவு போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டால் முதல் பதில், "யூசிஎஸ்ஸை வேர்ல்டுக்கு மாத்திப் பாருங்க சார்". யூசிஎஸ் என்பது டிராயிங்கின் ஆய அச்சு அமைப்பு. மாற்றினாலும் அதேதான். அடுத்து, "78 டிகிரிக்குப் பக்கத்துல கிரிட் ஸ்கேல் ஃபேக்டர் 1.0009 சார், கிலோமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் வரத்தான் செய்யும்". கிரிட் ஸ்கேல் ஃபேக்டர் என்பது வரைபடத் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் உள்ள விகிதம். அரைகுறை உண்மையை எடுத்து அடிக்கிறான். மண்டல விளிம்பில் ஃபேக்டர் அவ்வளவு வரும், சரி. ஆனால் அந்தப் பிழை தூரத்தோடு வளரும். பக்கத்தில் இருப்பதும் 85 செ.மீ., ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் 85 செ.மீ. என்றால் அது ஸ்கேல் ஃபேக்டரா? லெவலைப் பற்றிக் கேட்டதும் பதிலே நின்றுபோனது.

தளத்தின் உதவிப் பிரிவு அதற்கு மேல். 2,316 வரி கேட்டீர்கள், 2,316 வரி இருக்கிறது, ஃபைல் திறக்கிறது, டெலிவரியை நீங்களே ஏற்றிருக்கிறீர்கள், டிஜிட்டல் வேலைக்குப் பணம் திரும்பாது. லெவல் பொய் என்று படத்தோடு அனுப்பினால், வெட்டி ஒட்டிய அதே பதில் மறுபடியும். 18,500 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

மாதிரிப் பாயிண்டை அவன் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். பிளாக், டெக்ஸ்ட் இரண்டிலும் நீங்களே எண் சொல்லிக் கேளுங்கள்.

வந்த ஆயங்களை ஒரு ஸ்கிரிப்டாக்கி மூல டிராயிங்கிலேயே தனி லேயரில் புள்ளியாகப் போடுங்கள், ஆஸ்நாப்பை (பக்கத்துப் புள்ளியில் தானாக ஒட்டும் வசதி) அணைத்துவிட்டு. பழைய புள்ளி மேல் உட்காராவிட்டால் பணத்தை விடாதீர்கள். டெக்ஸ்ட் நடுவில் நங்கூரமிட்டதா, இடப்பக்கமா என்பதைப் பொறுத்து விலகலும் மாறும்.

லெவலில் தசம இடங்களை எண்ணுங்கள்.

சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்து சேமித்து அனுப்புகிறவனிடம் வாங்காதீர்கள். 1-2 என்ற பாயிண்ட் எண் தேதியாகிவிடும், 007 வெறும் 7 ஆகிவிடும்.