ஐஸ் கட்டி வைக்கச் சொல்லி விற்கும் ஆப்பிரிக்கன் வயலட்: வாங்கும் முன் படியுங்கள்

ஆப்பிரிக்கன் வயலட் என்பது வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் ஒரு சின்னப் பூச்செடி. இன்ஸ்டாகிராமில் இதன் காம்போ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. செல்ஃப் வாட்டரிங் தொட்டியோடு (அடியில் உள்ள தண்ணீரைத் திரி வழியாகத் தானே இழுத்துக்கொள்ளும் தொட்டி) பூத்த செடி இரண்டு, கோடு போட்ட பூ பூக்கும் 'கைமேரா' ரகத்தின் இலைகள் ஐந்து, பராமரிப்பு அட்டை ஒன்று. எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். 'சென்னை வெயிலுக்கு ஏற்றது' என்று ஒரு வரி வேறு. நானும் அண்ணியும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். நான்கு செடியில் இப்போது உயிரோடு இருப்பது ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்ததும் பூவும் இலையும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. தூக்கும்போதுதான் தொட்டியின் கனம் உறுத்தியது. கூரியரில் நாள்கணக்கில் கிடந்து வந்த செடி, பிழிந்தால் சொட்டும் ஈரத்தில் இருந்தது. உருவிப் பார்த்தேன். ஐந்து அங்குலத் தொட்டியின் நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வேர்க்கட்டி, சுற்றிலும் வெறும் கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள். மண்ணில் காற்றோட்டத்துக்காகக் கலக்கும் பெர்லைட் என்ற வெள்ளைக் குருணை ஒரு துணுக்குகூட இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரல் பட்டதும் கூழாக வந்தது. தண்ணீரை மேலே இழுக்க வைத்திருந்த திரி பருத்தி நூல். அது பாதி மக்கியிருந்தது.

திரி வைத்த தொட்டி தப்பான பொருள் இல்லை. வயலட் வளர்ப்பவர்கள் பலர் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் திரி, நைலான் மாதிரி மக்காத நூலாக இருக்க வேண்டும். கலவையில் பாதியாவது பெர்லைட் இருந்தால்தான் வேருக்குக் காற்று கிடைக்கும். தொட்டியின் வாய், செடியின் இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அகலம் இருந்தால் போதும். ஒன்பது அங்குலம் விரிந்த செடிக்கே மூன்று அங்குலத் தொட்டி தாராளம். இவர்கள் அனுப்பியது உள்ளங்கை அளவுச் செடி. பெரிய தொட்டியில் வைத்தால் படத்தில் எடுப்பாகத் தெரியும், விலையும் கூட்டிச் சொல்லலாம், அவ்வளவுதான்.

மறுநாளே இலைகள் தொங்கிவிட்டன. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "தண்ணி பத்தல மேடம், இன்னும் ஊத்துங்க" என்று பதில். இந்தப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். மண் காய்ந்து இலை தொங்கினால் அது தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே தொங்கினால் வேர் அழுகிவிட்டது, தண்ணீரை உறிஞ்ச அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். மேலே ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் அழுகலைக் குருத்துக்கு ஏற்றும். அழுகிய பகுதியை முழுக்க வெட்டிவிட்டு, மிஞ்சிய குருத்தை ஈரம் குறைந்த கலவையில் நட்டு, மூடியுள்ள டப்பாவில் வைத்தேன். ஒன்று மட்டும் புதிதாக வேர் விட்டது.

அண்ணி வீட்டுக் கதை வேறு. அவருக்கு வந்த செடிகள் என்னுடையதைவிடக் கொஞ்சம் தேவலை. அவர் அட்டையில் இருந்ததை அப்படியே செய்தார்: 'தினமும் 2 ஐஸ் கட்டிகளைச் செடியின் நடுவில் வைக்கவும்.' எழுதியவர் வயலட்டைத் தொட்டாவது பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. இலையின் சூட்டைவிடத் தண்ணீர் கணிசமாகக் குளிர்ந்திருந்தால், பட்ட இடத்தில் உள்ளே இருக்கும் பச்சையம் சிதைந்து மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் விழும். அந்தத் தடம் திரும்பப் பச்சையாகாது. அண்ணியின் செடிகளில் இலைக்கு இலை வளையம். படம் அனுப்பியதும், "இது பூஞ்சை நோய் மேடம்" என்று 350 ரூபாய்க்கு ஒரு மருந்தையும் தலையில் கட்டினார்கள். மருந்து வந்து சேர்வதற்குள் இரண்டு செடியின் குருத்தும் அழுகிவிட்டன.

இதற்கு வேண்டியதெல்லாம் அறையில் இருக்கும் தண்ணீர்தான். மேல்மண் தொட்டால் காய்ந்திருக்கும்போது, குருத்தில் படாமல் ஓரமாக ஊற்றலாம். அல்லது தட்டில் ஊற்றி அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடலாம். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம் போதும்.

வெயில் விஷயத்திலும் பொய்தான். "ஆப்பிரிக்கச் செடி மேடம், சூடு தாங்கும்" என்றார்கள். இதன் சொந்த இடம் டான்சானியாவின் உசாம்பரா மலைப்பக்கம், நிழலும் ஈரக்காற்றுமான பாறை இடுக்குகள். 1892 வாக்கில் அங்கிருந்த ஒரு ஜெர்மன் அதிகாரி ஊருக்கு அனுப்பி வைத்துத்தான் இது வீட்டுச்செடியாகப் பரவியது. 18 முதல் 24 டிகிரி வரை இதற்குச் சுகம். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறையில் மொட்டு உதிரும், செடி சோரும். ஊட்டியிலோ பெங்களூருவிலோ பூத்துக் குலுங்கும் படத்தைக் காட்டி இங்கே விற்கிறார்கள்.

கைமேரா இலைகள் சுத்த ஏமாற்று. சாதாரண வயலட்டை ஒற்றை இலையிலிருந்து வளர்க்கலாம், உண்மை. ஆனால் கைமேராவின் கோடு, இரண்டு விதத் திசுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் வருவது. இலை வைத்து வளர்த்தால் அந்த அடுக்கு அப்படியே வராது, பெரும்பாலும் ஒரே நிறப் பூதான் பூக்கும். கோடு வேண்டுமானால் பக்கக் கன்றோ பூக்காம்பிலிருந்து எடுத்த கன்றோ வேண்டும், அதனால்தான் கைமேரா செடிக்கு விலை அதிகம். 'கைமேரா இலை' என்று யார் விற்றாலும், ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லை நன்றாகத் தெரிந்தவர்.

பணத்தைத் திரும்பக் கேட்டோம். முதலில் பெட்டி பிரிக்கும் வீடியோ கேட்டார்கள். என்னிடம் இருந்தது, வேர்ப் படங்களோடு அனுப்பினேன். "நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்று ஒரு பதில். முன்பு 'பத்தல' என்று எழுதிய அதே எண்! அப்புறம் இருவரையும் பிளாக் செய்துவிட்டார்கள். தனி ஆள் எண்ணுக்கு ஜிபேயில் போன பணம், பில்லும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம்.

நீங்கள் வேறு யாரிடமாவது வாங்குவதானாலும், தொட்டியிலிருந்து உருவிய வேரின் படத்தைக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தயங்காமல் அனுப்புவார். பூ படம் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். பில்லோடு, கடை பெயரில் இருக்கும் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள்.

எங்களை ஏமாற்றிய கணக்கு இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. படங்கள் அதேதான். காம்போ விலையை 1,650 ஆக்கிவிட்டு, ஐந்து இலையை எட்டாக்கியிருக்கிறார்கள்.