ஜெப்பர்டி: அறிவோடு கட்டைவிரலையும் கணக்கையும் சோதிக்கும் வினாடி வினா

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு கேள்வியைத் தாண்டாத வினாடி வினாக்களுக்கு நம் கண் பழகிவிட்டது. ஒரு கேள்வி, நான்கு விடைகள், திகில் இசை, தொகுப்பாளரின் நீண்ட மௌனம், "உறுதியா சொல்றீங்களா?", உடனே விளம்பரம். விஜய் டிவியில் 2012இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' இந்த வகைதான். அதில் போட்டியாளரின் வாழ்க்கைக் கதைதான் நம்மைப் பிடித்து வைத்திருக்கும், பொது அறிவு பின்னால் நிற்கும். அமெரிக்காவின் ஜெப்பர்டியில் எல்லாமே தலைகீழ். அரை மணி நேர நிகழ்ச்சி, விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் சொச்சம் மிஞ்சும். அதற்குள் 61 குறிப்புகள், அதாவது கேள்விகள். முதல் இடைவேளைக்குப் பிறகு போட்டியாளர்களோடு இரண்டு வார்த்தை பேசுவார்கள், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஆட்டம்தான்.

அமைப்பு எளிது. மூன்று போட்டியாளர்கள். பலகையில் ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து குறிப்புகள். முதல் சுற்றில் ஒரு குறிப்பின் மதிப்பு 200 டாலரில் தொடங்கி 1000 வரை போகும். 'டபுள் ஜெப்பர்டி' என்ற இரண்டாம் சுற்றில் 400 முதல் 2000 வரை. இரண்டு சுற்றுக்குமாக அறுபது, கடைசியில் 'ஃபைனல் ஜெப்பர்டி' ஒன்று. நேரம் தீர்ந்துவிட்டால் பலகையில் சில குறிப்புகள் திறக்கப்படாமலே போகும். சரியான விடைக்கு அந்தத் தொகை கூடும், தவறானால் அதே தொகை கழியும். இந்தக் கழித்தல்தான் ஆட்டத்தின் முதுகெலும்பு. நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டுத் தப்பிக்க வழியே இல்லை. விடை தெரிவது பாதி, தெரியும் என்ற நிச்சயம் நமக்கு இருக்கிறதா என்று தெரிவது மீதி.

புதிதாகப் பார்ப்பவரை முதலில் குழப்புவது, விடையைக் கேள்வி வடிவில் சொல்லும் விதி. "சிகாகோ" என்றால் போதாது, "சிகாகோ என்பது என்ன?" என்ற பாணியில் சொல்ல வேண்டும். இது வெறும் அலங்காரம் போலத் தெரியும். ஆனால் பின்னணி பெரியது. 1950களில் அமெரிக்க வினாடி வினாக்களில் சிலருக்கு விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது அம்பலமாகி, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. 1960இல் இத்தகைய மோசடியைக் குற்றமாக்கிச் சட்டமே வந்தது. வினாடி வினா என்றாலே மக்கள் முகம் சுளித்த காலத்தில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபின் புது நிகழ்ச்சிக்கு யோசனை தேடினார். அவர் மனைவி ஜூலான், விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்டால் என்ன என்றார். "5,280" என்று அவர் சொல்ல, "ஒரு மைலுக்கு எத்தனை அடி?" என்று கணவர் பிடித்துக்கொண்டார். 1964 மார்ச் 30 அன்று என்பிசியில் நிகழ்ச்சி தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1984இலிருந்து ஓடுகிறது.

இந்த நிகழ்ச்சியின் உண்மையான சரக்கு, குறிப்புகள் எழுதப்படும் விதம். 2011இல் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினி, கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்ற இரண்டு ஜெப்பர்டி ஜாம்பவான்களோடு மோதியபோது வந்த ஃபைனல் குறிப்பைப் பாருங்கள். தலைப்பு: அமெரிக்க நகரங்கள். குறிப்பின் சாரம்: இந்நகரின் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போரின் நாயகர் ஒருவர் பெயர், அடுத்த பெரிய விமான நிலையத்துக்கு அதே போரின் ஒரு சமரின் பெயர். பெரிய விமான நிலையத்துக்குப் பெயர் தந்த ஓ'ஹேர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரிய விமான நிலையம் இரண்டு வைத்திருக்கும் அமெரிக்க நகரங்களை விரல் விட்டு எண்ணலாம். பசிபிக் போரின் சமர்களை மனதில் ஓட்டினால் மிட்வே வந்து நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடம் சிகாகோ. மனிதர்கள் இருவரும் சரியாக எழுதினார்கள், வாட்சன் டொராண்டோ என்றது. நல்ல ஜெப்பர்டி குறிப்புக்கு எப்போதும் இப்படி இரண்டு வாசல் இருக்கும். ஒன்று மூடியிருந்தாலும் இன்னொன்று வழியாக நுழையலாம். 'இந்தக் கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது' வகைக் கேள்வி தெரிந்தவருக்கு மட்டும்தான். ஜெப்பர்டி குறிப்பு பாதி தெரிந்தவரையும் யோசிக்க வைத்து உள்ளே இழுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை மற்ற வினாடி வினாக்களுக்கு மேலே வைக்கிறேன்.

ஃபைனலில் அப்படித் தவறியும் அந்தப் போட்டியை வென்றது வாட்சன்தான்: 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600. ஏன்? பஸ்ஸர், அதாவது விடை சொல்லும் வாய்ப்பை முந்திப் பிடிக்க அழுத்தும் கைப்பொத்தான். வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாத பகுதி இது. தொகுப்பாளர் குறிப்பின் கடைசி அசையைச் சொல்லி முடிக்கும் வரை யாரும் அழுத்தக் கூடாது. படித்து முடித்ததும் அரங்கின் பக்கவாட்டில் இருக்கும் ஒருவர் கையால் ஒரு சுவிட்சைத் தட்டுவார், பலகையின் ஓரங்களில் விளக்குகள் எரியும், அப்போதுதான் பஸ்ஸர் வேலை செய்யும். அதற்கு முன்னால் அழுத்தினால் கால் வினாடி பூட்டு. பதறிப்போய் மறுபடி அழுத்தினால் பூட்டு மறுபடி விழும். கால் வினாடி கொஞ்சமாகத் தோன்றலாம். மூன்று பேருக்கும் விடை தெரிந்த குறிப்பில் அதுவே ஆட்டம் போகப் போதும். நிகழ்ச்சியில் ஒருவர் கட்டைவிரலை வெறித்தனமாக அழுத்திக்கொண்டு தோள் குலுக்கினால் அவருக்கு விடை தெரியவில்லை என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் முந்தி அழுத்திப் பூட்டிக்கொண்டவர் அவர். 1985 வரை இந்தக் கட்டுப்பாடு இல்லை, குறிப்பு தெரிந்த கணத்திலேயே யாரும் அழுத்தலாம். அதில் பார்வையாளர் குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் விடை வந்துவிடும். மாற்றியது நல்ல முடிவு.

இதில் இரண்டு முறைகள் உண்டு. விளக்கைப் பார்த்து அழுத்துவது ஒன்று. விளக்கை மறந்துவிட்டுத் தொகுப்பாளரின் குரல் எங்கே முடிகிறது என்பதைக் காதால் பிடித்து அழுத்துவது இன்னொன்று. கண் பார்த்து மூளை உணர்ந்து விரல் அசைய நேரம் பிடிக்கும், குரலின் தாளம் பிடிபட்டவர் விளக்கு எரியும் கணத்திலேயே அழுத்திவிடுவார். முதல் முறை வருபவர் தடுமாற, தொடர்ந்து வெல்பவர் மேலும் மேலும் வெல்வதற்கு இது முக்கியக் காரணம். 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்கள் வென்று 25,20,700 டாலர் சேர்த்த ஜென்னிங்ஸின் அறிவு அபாரம்தான், ஆனால் அவருக்கு வாய்த்த தாளப் பழக்கம் எதிரில் நின்ற புதியவர்களுக்கு இல்லை. நிகழ்ச்சியின் நியாயத்தில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

அடுத்தது பணயம். பலகைக்குள் மூன்று 'டெய்லி டபுள்' ஒளிந்திருக்கும், முதல் சுற்றில் ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு. அதைத் திறந்தவர் மட்டுமே விடை சொல்லலாம், பஸ்ஸர் கிடையாது. குறைந்தது 5 டாலரிலிருந்து கையில் உள்ள மொத்தம் வரை பணயம் வைக்கலாம். இவை பெரும்பாலும் கீழ் மூன்று வரிசைகளில்தான் இருக்கும், மேல் வரிசையில் அபூர்வம். பல ஆண்டுகளாகப் போட்டியாளர்கள் மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கி, கிடைத்த டெய்லி டபுளில் ஆயிரமோ இரண்டாயிரமோ வைத்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் லாஸ் வேகஸ்காரர், விளையாட்டுப் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்ட ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் வந்தார். முதலில் 1000 டாலர் குறிப்புகளைப் பொறுக்கிக் கையிருப்பை ஏற்றுவார், பிறகு டெய்லி டபுளைத் தேடிப் பிடித்து அத்தனையையும் வைப்பார். ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் என்ற சாதனை அவருடையது.

அவர் தோற்ற ஆட்டம்தான் இந்த நிகழ்ச்சியின் கணக்குப் பாடம். 2019 ஜூன் 3 அன்று ஒளிபரப்பானது. ஃபைனலுக்கு முன் எம்மா பாட்சர் 26,600, ஹோல்ஸ்ஹவர் 23,400, மூன்றாமவர் 11,000. ஃபைனலில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பணயத்தை எழுத வேண்டும், மற்றவர் வைத்தது தெரியாது. எம்மாவின் கணக்கு நேரானது: ஹோல்ஸ்ஹவர் எல்லாவற்றையும் வைத்து வென்றால் 46,800, அதைவிட ஒரு டாலர் கூட வேண்டும், ஆக 20,201. எப்போதும் முன்னிலையில் இருப்பவர் இப்படித்தான் வைப்பார். இனி ஹோல்ஸ்ஹவர் இடத்தில் நின்று பாருங்கள். எம்மா சரியாகச் சொன்னால் என்ன வைத்தாலும் தோல்விதான். எம்மா தவறினால் அவரிடம் மிஞ்சுவது 6,399. அப்போது ஹோல்ஸ்ஹவருக்கு இருக்கும் ஒரே ஆபத்து, மூன்றாமவர் இரட்டித்து 22,000 தொடுவது. ஆக, தவறினாலும் 22,001 மிஞ்சும்படி 1,399 வைத்தார். இருவரும் சரியாகச் சொன்னார்கள், எம்மா வென்றார். ஜென்னிங்ஸின் மொத்தத்தை நெருங்கிய நேரத்தில் இவ்வளவு குறைவாக வைத்தது வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது என்று பலர் கொதித்தார்கள். அது முற்றிலும் தவறான குற்றச்சாட்டு. அந்த நிலையில் இருந்ததிலேயே சிறந்த பணயம் அது. இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் வைப்பவர், எம்மா தவற வேண்டும், தானும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஃபைனல் குறிப்பு கடினமானது, முதலிருவரும் சேர்ந்து தவறுவது அடிக்கடி நடக்கும். இன்றும் வாரம் ஒருவராவது இந்தத் தவறைச் செய்வதைப் பார்க்கலாம்.

இனி, தமிழ் வாசகருக்கு எங்கே இடிக்கும் என்பது. குறிப்புகளில் கணிசமான பகுதி அமெரிக்கச் சரக்கு: ஜனாதிபதிகள், மாநிலத் தலைநகரங்கள், பேஸ்பால், பிராட்வே நாடகங்கள், பைபிள். ஆங்கிலச் சொல்விளையாட்டுத் தலைப்புகளும் அடிக்கடி வரும், அவற்றைப் பள்ளி ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. முதல் வாரம் சோர்வாகத்தான் இருக்கும். ஐம்பது மாநிலத் தலைநகரங்கள், ஜனாதிபதிகளின் வரிசை, உலகத் தலைநகரங்கள், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முக்கியப் பாத்திரங்கள், தனிமங்களின் குறியீடுகள் என்று ஐந்து பட்டியல்களை மனப்பாடம் செய்தால் நிலைமை சட்டென்று மாறும், ஏனென்றால் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. புவியியலிலும் அறிவியலிலும் நம்மவர்கள் முதல் நாளே நன்றாகத் தாக்குப்பிடிக்கலாம்.

தொகுப்பாளர் பற்றிச் சுருக்கமாக. 1984 முதல் 2020இல் இறக்கும் வரை அலெக்ஸ் ட்ரெபெக் நடத்தினார். குறிப்பைத் தெளிவாக, ஒரே சீராகப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இப்போது நடத்துபவர் அதே ஜென்னிங்ஸ். வாசிப்பில் ட்ரெபெக்கின் கம்பீரம் இல்லை, ஆனால் தவறான விடை ஏன் தவறு என்பதை அரை வாக்கியத்தில் சொல்லிவிடும் திறமை போட்டியாளராக இருந்தவருக்குத்தான் வரும்.

வீட்டிலிருந்து விளையாட விரும்புவோர் காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். கோர்யட் மதிப்பெண் என்ற முறை ரசிகர்களிடையே புழங்குகிறது: சரியானால் குறிப்பின் மதிப்பைக் கூட்டுங்கள், தவறினால் கழியுங்கள், பேசாமல் இருந்தால் பூஜ்யம். டெய்லி டபுளில் சரியானால் அந்தக் கட்டத்தின் சாதாரண மதிப்பு மட்டும், தவறினால் கழிக்க வேண்டாம். ஃபைனலைச் சேர்க்காதீர்கள். பணயத்தின் அதிர்ஷ்டம் கலக்காமல் அறிவை மட்டும் அளக்கும் எண் இது. போட்டியாளர் வாயைத் திறப்பதற்கு முன்னால் விடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மனதுக்குள் நினைத்துவிட்டு "எனக்கும் தெரியும்" என்று மதிப்பெண் போட்டுக்கொண்டால் எண் பொய்யாகிவிடும்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் நம்மவர்கள் நிஜமாகவே முயன்று பார்க்கலாம். முதல்படி இணையத் தேர்வு: 50 குறிப்புகள், ஒவ்வொன்றும் வேறு தலைப்பு, ஒன்றுக்கு 15 வினாடி. இதில் விடையைக் கேள்வி வடிவில் எழுத வேண்டியதில்லை, எழுத்துப்பிழைக்கும் கவலைப்பட வேண்டாம், ஆகவே தட்டச்சு வேகத்தைப் பழகிக்கொள்வது நல்லது. பிறகு கண்காணிப்போடு இன்னொரு தேர்வும் மாதிரி ஆட்டமும் உண்டு. அதில் தேறியவர்களின் பெயர் குறிப்பிட்ட காலம் பட்டியலில் இருக்கும், அதற்குள் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். அழைப்பு வந்தால் ஒரே நாளில் ஐந்து ஆட்டங்கள் படமாக்குவார்கள் என்பதை நினைவில் வைத்து, வெவ்வேறு சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் இடத்துக்கு 3,000 டாலரும் மூன்றாம் இடத்துக்கு 2,000 டாலரும் கிடைக்கும். முதல் முறை வருவோர் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்வரும் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம் என்பதால் அந்தத் தொகை பெரும்பாலும் விமானத்துக்கும் விடுதிக்குமே சரியாகிவிடும்.