இருவாச்சியின் சிவந்த கண்: 80 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு இரண்டு பருவங்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறைக்குப் போகிறவர்கள் அதிர்ஷ்டம் இருந்தால் மலை இருவாச்சிப் பறவையைப் பார்த்துவிடுகிறார்கள். கைபேசியில் எடுத்து வரும் படத்திலோ மரத்தின் மேல் ஒரு கரும்புள்ளிதான் இருக்கும். நானும் அப்படிப்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருந்தவன்தான். பெரிய டெலி லென்ஸ் வாங்கும் வசதி எனக்கு இல்லாததால், 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும், 45 பாகை சாய்ந்த கண்வில்லையும் 80 மி.மீ. விட்டமுள்ள முன்வில்லையும் கொண்ட ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ஒன்றை 58,000 ரூபாய்க்கு வாங்கி, அதில் கைபேசியைப் பொருத்தி இரண்டு கூடுகட்டும் பருவங்களாகப் படமெடுத்து வருகிறேன். இந்த அளவில் வரும் கருவிகள் பலவற்றுக்கும் நான் எழுதுவது பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கருவியின் மதிப்பை எனக்கு உணர்த்தியது மாசி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மழைக்காட்டுத் துண்டு ஒன்றில், கூடு இருந்த மரத்திலிருந்து ஏறக்குறைய 90 மீட்டர் தள்ளிச் சாலையோரத்திலேயே முக்காலியை நிறுத்தினோம். 30 மடங்கில் பார்த்தபோது ஆண் பறவை மூன்று மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் தெரிந்தது. பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்ட பெண் பறவைக்கு அது தொண்டைக்குள்ளிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகின் நுனியில் பிடித்து, குறுகிய பிளவின் வழியாக ஊட்டியது. ஆணின் கண்மணியைச் சுற்றிய வளையம் சிவப்பாக இருக்கும், பெண்ணுக்கு வெளிறியிருக்கும் என்று படித்திருந்தேன். அந்தச் சிவப்பை அன்றுதான் கண்ணால் கண்டேன். எங்களை அழைத்து வந்த பொள்ளாச்சி ஓட்டுநர் குனிந்து பார்த்துவிட்டு, “இத்தன வருசமா இந்த ரோட்டுல வண்டி ஓட்டறனுங்க, இதுக்குக் கண்ணு செவப்புன்னு இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்” என்றார். நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் அந்தப் பறவை எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கூட்டருகே ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் இரையோடு வந்து தயங்கித் திரும்பிவிடும் என்பதால், இந்தத் தொலைவு எனக்குப் படத்தைவிடப் பெரிய விஷயம்.

60 மடங்கு என்ற எண்ணைப் பார்த்து யாரும் வாங்க வேண்டாம். முன்வில்லையின் 80 மி.மீ. விட்டத்தை 20 மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 4 மி.மீ.; 60 மடங்கில் அதுவே ஏறக்குறைய 1.3 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுவதால், மேகம் மூடிய மலைக்காலையில் படம் இருண்டு, அசைவும் மும்மடங்காகத் தெரியும். கைபேசியின் முதன்மை லென்ஸ் முழுச்சட்டகக் கேமராவின் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையானது என்றால், 30 மடங்கிலேயே 780 மி.மீ. லென்ஸின் நெருக்கம் கிடைத்துவிடுகிறது. நான் பெரும்பாலும் 20-க்கும் 30-க்கும் இடையில்தான் நிறுத்துகிறேன். படத்தைச் சுற்றிவரும் கருவட்டத்தைக் கைபேசியில் சற்றே பெரிதாக்கி நீக்கிவிடலாம். விரலால் திரையைத் தொட்டால் முழுக் கருவியும் அதிரும் என்பதால், 2 வினாடி டைமர் கட்டாயம் வேண்டும்.

உச்சிக்கிளையில் அசையாமல் அமரும் நீலகிரி காட்டுப்புறாவுக்கு இது மிகவும் ஏற்றது. அதன் பின்கழுத்தில் சதுரங்கப் பலகைபோல் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை எண்ணிவிடலாம் போலப் படம் வருகிறது. புல்வெளிப் பாறைமேல் நிற்கும் நீலகிரி நெட்டைக்காலிக்கும் அப்படியே. சோலைக்குள் போனால் நிலைமை வேறு. பழனிச் சிரிப்பான் புதர்களுக்குள் நொடிக்கு நொடி இடம் மாறுவதால், கருவியைத் திருப்பிக் குவிப்பதற்குள் குரல் மட்டுமே மிஞ்சுகிறது. கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒருமுறை நான்கு மீட்டர் அருகில் வந்து அமர்ந்தது; என் ஸ்கோப் ஆறு மீட்டருக்கு உட்பட்ட எதையும் குவிக்காது. இந்தப் பறவைகளுக்காகவே வாங்க நினைப்பவர்கள் அதே பணத்தைக் கேமராவுக்குச் செலவிடுவதே நல்லது.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளிக்கண்ணாடியில் நீராவி படிந்து கால்மணி நேரம் வீணாவதால், இப்போதெல்லாம் கடைசிச் சில கிலோமீட்டர் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தே போகிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் முக்காலியின் நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டாலும் படம் கலங்குகிறது. வெளுத்த வானத்தின் முன் கருங்கழுகு அமர்ந்திருந்தால், நிறப்பிரிகையைக் குறைக்கும் ஈடி (ED) கண்ணாடி இருந்தும், இறகின் ஓரத்தில் மெல்லிய ஊதா நிறம் படர்வதைக் காண முடிகிறது. இந்த விலையில் அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுத்துக்கொள்ள முடியாதது, கைபேசியை ஸ்கோப்பில் பொருத்துவதற்காகத் தனியாக வாங்கிய அடாப்டர். அதன் பிளாஸ்டிக் திருகு மலைப்பாதைக் குலுக்கலில் தளர்ந்து, இரண்டாம் பயணத்திலேயே கைபேசி கழன்று விழுந்தது. நல்ல வேளையாகத் தேயிலைச் செடியின்மேல் விழுந்து தப்பியது. பிறகு உலோகத் திருகு கொண்ட வேறொன்று வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் தங்கள் கைபேசியையே கடைக்கு எடுத்துச் சென்று, உறையைக் கழற்றிப் பொருத்தி, அடாப்டரைக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.