ஜமீனா, ரயத்துவாரியா: கிஸ்தி (நிலவரி) கட்டியவன் பக்கமிருந்து

வருஷா வருஷம் ஜமாபந்தி அன்று மனுவும் கையுமாகத் தாலுகா ஆபீசில் நிற்கிறோமே, அதன் வேர் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சண்டையில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நிலவரியை யாரிடம் வாங்குவது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் போட்ட சண்டை.

வங்காளத்தில் 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் போட்ட ஜமீன் ஏற்பாடு 1802இல் இங்கேயும் சட்டமானது. குடியானவனிடம் ஜமீன்தார் வசூலித்துக் கம்பெனிக்குக் கட்டுவார். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற பழைய பாளையங்கள் ஜமீன்களாயின. ஜமீன்தார் கிடைக்காத சேலம் பக்கம் நிலத்தை மிட்டா என்ற சின்னச் சின்ன ஜமீன்களாக வெட்டி ஏலம் விட்டார்கள். ஜமீன் கம்பெனிக்குக் கட்டும் பேஷ்குஷ் என்ற வரி மட்டும் என்றைக்கும் ஒரே தொகை. உழுதவனின் உரிமையைச் சட்டம் கறாராகச் சொல்ல 1908 வரை ஆனது.

ரயத்துவாரி வேறு மாதிரி. 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் ஆள் கிடையாது, பட்டா குடியானவன் பேரில். இடையில் முழுக் கிராமத்துக்கும் சேர்த்து வரி பேசும் கிராமக் குத்தகை என்று ஒன்றைப் போட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். 1820இல் மன்றோ கவர்னராக வந்தபின் ரயத்துவாரிதான் மாகாணத்தின் பொது முறை.

என் ஓட்டு ரயத்துவாரிக்கு, அரை மனசோடு. பேரில் ஒரு காகிதம் இருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ஜமீன்தார் இருந்த இடத்தில் சர்க்காரே வந்து உட்கார்ந்துகொண்டது. வரியில் கால் பங்கைக் குறைக்கலாம் என்று 1807இல் மன்றோவே எழுதினார், மேலிடம் கேட்கவில்லை. வசூல் நடந்த லட்சணத்தை 1855இல் வந்த சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையில் பார்க்கலாம். பாக்கி வைத்தவனைக் குனியவைத்து, அவன் துணியாலேயே கழுத்தையும் கால் விரலையும் சேர்த்துக் கட்டி, வெயிலில் விட்டுவிடுவார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பேர். விரலை நெரிக்கக் கிட்டி என்ற மரக்கருவி. கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, நம்மூர்ச் சேவகர்கள்தான்.

தஞ்சாவூரில் கதை இன்னும் கோணல். அங்கே பட்டா போனது பரம்பரை நில உரிமை வைத்திருந்த மிராசுதாருக்கு. சேற்றில் இறங்கிய பண்ணையாளுக்கு எந்த முறையிலும் காகிதம் இல்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபோதும் அது அவனைத் தொடவில்லை, அவன் ஊரில் ஒழிக்க ஜமீன் இருந்தால்தானே. குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவன் வாசலுக்கு வர 1952 ஆனது.