பிரெக்ஸிட் வாக்கு: காசுக் கணக்கா, சுயாட்சி ஆசையா?

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வாக்களித்தார்கள். ஏன் என்பதற்கு இரண்டு பதில்கள் இன்றும் மோதிக்கொள்கின்றன.

ஒன்று, பொருளாதாரம். சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடிப்போன ஊர்களின் கோபம் இது என்கிறார்கள். சரி, வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள சண்டர்லாந்தைப் பாருங்கள். அங்குள்ள நிசான் ஆலையில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. அதன் கார்களில் பெரும்பகுதி விற்பதே ஐரோப்பாவில்தான். அப்படியும் அந்த ஊரில் 61 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். வேலை, சம்பளம் என்று மட்டும் பார்த்தால் இது புரியாது.

இன்னொன்று, நம் சட்டத்தை நாமே எழுத வேண்டும் என்ற எண்ணம். கூடவே குடியேற்றக் கவலை. எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது. நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று வாக்களித்தவர்களை விவரமில்லாதவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம்.

ஆனால் நஷ்டம் நிஜம். மறுநாளே பவுண்டு சரிந்தது. ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் இருக்கும் அளவைவிட நீண்ட கால உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. வெளியேறிய பின் ஐரோப்பாவுக்கு விற்கத் தேவைப்படும் சுங்கப் படிவங்களையும் சான்றிதழ்களையும் சமாளிக்கப் பெரிய நிறுவனத்திடம் ஆள் இருக்கிறது. சிறு ஏற்றுமதியாளரிடம் இல்லை.